அல்சைமர் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள், தோட்டத்தை விட்டு தாமான் குடியிருப்புகளுக்குக் குடிவந்தவர்கள் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். இன்னமும் பாசாரில் பார்த்தால் "மிஸ்ஸி" என்று நிறுத்திப் பேசுவார்கள். முதலில் நோயாளியைப் பற்றித்தான் கேட்பார்கள்: மருந்து, சாப்பாடு, தூக்கம். பேச்சு முடிந்து கிளம்பும்போதுதான் "எனக்குத்தான் என்னமோ மாதிரி இருக்கு மிஸ்ஸி" என்று மெல்ல வரும். இங்கே பெரும்பாலும் அந்த இரண்டாவது பேச்சுக்குத்தான் இடம் கொடுத்திருக்கிறேன்.

வயசானால் மறதி வராதா? இதற்குப் போய் டாக்டரா?

வரும். கடைக்குப் போய்க் கொத்தமல்லி வாங்க மறந்தால் அது வயசு. ஐம்பது வருஷமாக வைத்த மீன் குழம்புக்குப் புளியை எப்போது ஊற்றுவது என்று தெரியாமல் அடுப்படியில் நின்று விழித்தால் அது வேறு. இப்படி மூளைத் திறன் குறையும் மறதி நோய்களில் நூற்றுக்கு 60 முதல் 70 வரை அல்சைமர்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் முதன்முதலில் எடுத்துச் சொன்ன நோய் இது. மூளையில் சில புரதங்கள் தாறுமாறாகச் சேர்ந்து, புது நினைவுகளைப் பதியவைக்கும் பகுதியை ஆரம்பத்திலேயே கெடுத்துவிடுகின்றன. அதனால்தான் காலையில் சாப்பிட்டது நினைவில் நிற்பதில்லை, கல்யாணத்தில் மொய் எழுதாமல் போனவர் பெயர் மட்டும் மறப்பதில்லை.

ஆனால் எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் கசிந்த ரத்தம், பி12 சத்துக் குறைவு எல்லாம் இதே மாதிரி காட்டும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறையலாம், கேட்டு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நேற்றுவரை சரியாக இருந்தவர் ஒரே நாளில் குழம்பிப் பிதற்றினால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தேதி வாங்கிக் காத்திருக்கக் கூடாது, அன்றே கூட்டிப்போக வேண்டும்.

கிளினிக்கில் சின்னத் தேர்வு ஒன்று வைப்பார்கள்: இன்று என்ன கிழமை, இது என்ன இடம் என்று. பெரும்பாலும் மலாயில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத, கடைத்தெருவுக்கு மட்டும் மலாய் பேசிய பாட்டி நல்ல மூளையோடு இருந்தாலும் அதில் தடுமாறுவார். எத்தனை வருஷம் படித்தவர், என்ன மொழி பேசுவார் என்று தேர்வுக்கு முன்னாலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தெரிந்தால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்களா?

1911-ல் திறந்த மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், பேராக்கில் அந்த ஊர்ப் பெயரையே ஏச்சாக்கிவிட்டோம். அந்தப் பயத்தில் இரண்டு மூன்று வருஷம் மூடி மறைத்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். அல்சைமர் என்று சொன்னதும் யாரும் பிடித்துக்கொண்டு போய் எங்கும் அடைப்பதில்லை. கிளினிக்கில் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுப்பார்கள். டொனெபெசில், ரிவாஸ்டிக்மின், மெமான்டின் மாதிரி மருந்துகள் சிலருக்கு அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும், நோயைக் குணமாக்காது. இதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் "மருந்தை நான் நேரத்துக்குக் கொடுக்காததால்தான் முற்றிவிட்டது" என்று உங்களையே நொந்துகொள்வீர்கள்.

சாமி பார்ப்பவர் இது செய்வினை என்கிறாரே?

கோயிலுக்குப் போங்கள், எலுமிச்சம்பழத்தால் கெடுதல் ஒன்றுமில்லை. கிளினிக் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். யார் செய்தது என்று பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டு, ஆபத்துக்கு ஓடி வரக்கூடிய ஒரே ஆளையும் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

மாமியார் நான் தோடு திருடிவிட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்கிறார். பார்த்துக்கொள்கிற எனக்கே இந்தப் பேரா?

இந்த நோயில் மருமகள்களை அதிகம் உடைப்பது மலமோ மூத்திரமோ இல்லை, இதுதான்.

நடப்பது இதுதான். தோட்டைக் கழற்றித் துணியில் முடிந்து, மைலோ டின்னுக்குள் போட்டு, அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பவர் அவர்தான். வைத்த ஞாபகம் பதியவே இல்லை. தோடு காணோம் என்பது மட்டும் தெரிகிறது. காரணம் தெரியாமல் இருப்பது மூளைக்குப் பொறுக்காது, ஏதாவது ஒரு காரணத்தை அதுவே கட்டிக்கொள்ளும். வீட்டில் எப்போதும் கண்ணில் படுகிற ஆள் நீங்கள். அதனால் திருடியது நீங்கள் ஆகிவிடுகிறீர்கள். எங்கோ இருந்துகொண்டு தீபாவளிக்கு மட்டும் வரும் மகள்மீது இந்தப் பழி விழாது. பழி விழுவதே நீங்கள் பக்கத்தில் இருப்பதற்கு அத்தாட்சி என்று சொன்னால் உங்களுக்கு ஆறுதலாக இருக்காது, ஆனாலும் அது உண்மை.

"நான் எடுக்கல அத்தே" என்று வாதாடாதீர்கள், ஜெயிக்க முடியாது. "காணோமா? வாங்க அத்தே, தேடுவோம்" என்று கூடவே போங்கள். ஒளித்து வைக்கும் இடங்கள் பெரும்பாலும் நாலைந்துதான், சீக்கிரம் பழகிவிடும். உண்மையான நகையை எல்லார் முன்னிலையிலும் எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டுக் கவரிங் தோடு போட்டுவிடுங்கள். அக்கம்பக்கத்தாரிடம் விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இன்னொன்றும் நடந்தே ஆக வேண்டும். அதைச் செய்ய வேண்டியவர் உங்கள் கணவர். "அம்மாவுக்கு நோய். இவ எதையும் எடுக்கல" என்று சொந்தக்காரர்கள் கூடியிருக்கும்போது வாயைத் திறந்து அவர் சொல்ல வேண்டும். பல வீடுகளில் மகன் சும்மா தலையைக் குனிந்துகொண்டு இருப்பார். அம்மா சொன்ன சொல்லைவிட அந்த மௌனம்தான் மருமகளுக்கு வருஷக்கணக்கில் வலிக்கிறது.

ஒரே கேள்வியை நூறு தடவை கேட்கிறார். நேற்று கத்திவிட்டேன். எனக்குப் பாவம் வருமா?

உங்களுக்கு நூறாவது தடவை, அவருக்கு முதல் தடவை. இதைப் புத்தி ஏற்றுக்கொள்ளும், நரம்பு ஏற்றுக்கொள்ளாது. கத்தாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பயம் இருக்கும். "எத்தனை மணிக்கு வருவான்?" என்றால் நேரம் தெரிய வேண்டும் என்பதில்லை, தனியாக விட்டுவிடுவார்களோ என்ற பயம். "நான் இங்கதான் இருக்கேன்" என்பது சில சமயம் மணியைச் சொல்வதைவிட நன்றாக வேலை செய்யும். வேலை செய்யாத நாளும் உண்டு. அன்றைக்குப் பின்கட்டுக்குப் போய் துணி துவைக்கும் குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

கை ஓங்கும் அளவுக்குப் போனால், அடித்தே விட்டிருந்தால், அதை ரகசியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், கிளினிக்கிலும் சொல்லுங்கள். நீங்கள் கெட்டவர் என்பதற்கு அது அடையாளம் அல்ல. இந்தப் பாரத்தை இனி ஒருவரே தூக்க முடியாது என்பதற்கு அடையாளம். நோயாளிக்கும் அது ஆபத்து, அதையும் மழுப்பக் கூடாது.

எல்லாரும் "உனக்குக் கோயில் கட்டணும்" என்கிறார்கள். ஏன் எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது?

அந்த எரிச்சல் சரியானதுதான். நம் ஆட்களிடம் புகழ்ச்சி என்பது வேலையை ஒருவர் தலையில் கட்டும் வழி. "உன்னை மாதிரி யாரும் பாத்துக்க முடியாதுமா" என்று சொல்லும் நாத்தனார், தான் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்பதைத்தான் அழகாகச் சொல்கிறார். தெய்வமாக்கப்பட்டவர் சலித்துக்கொள்ள முடியாது, லீவு கேட்க முடியாது, கத்த முடியாது. கத்தினால் தெய்வம் பேயாகிவிடும். புண்ணியம் வரும் என்று யாராவது சொன்னால், "வரட்டும், நீங்களும் கொஞ்சம் எடுத்துக்குங்க, சனிக்கிழமை வந்து பாத்துக்குங்க" என்று சிரித்தபடியே சொல்லிப் பாருங்கள். பலர் பேச்சை மாற்றுவார்கள். யாராவது ஒருவர் வரக்கூடும்.

அண்ணன் கோலாலம்பூரில், தம்பி சிங்கப்பூரில். போனில் ஆலோசனை மட்டும் வருகிறது. என்ன செய்வது?

"கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று கேட்டால் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். அதனால் மணி கணக்கில் கேளுங்கள். "மாசத்தில் ஒரு தடவை, சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் 6 மணிவரை நீ. நான் வீட்டில் இருக்க மாட்டேன்."

கடைசி வாக்கியம் முக்கியம். நீங்கள் வீட்டில் இருந்தால் அம்மா உங்களைத்தான் கூப்பிடுவார், அண்ணன் டிவி பார்ப்பார். மருந்துச் சீட்டைக் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுத் தோழி வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ போய்விடுங்கள். முதல் தடவை போன் மேல் போன் வரும். ராத்திரி இரண்டு மணிக்கு பேம்பர்ஸ் மாற்றியவர் அதற்குப் பிறகு வாட்சாப்பில் மூலிகை வைத்தியம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்வார்.

வரவே முடியாதவருக்கு வேறு வேலை கொடுங்கள்: பேம்பர்ஸ் ஆன்லைனில் வாங்கி அனுப்புவது, ஈப்போ தேதிக்கு வண்டி ஏற்பாடு செய்வது, வாரத்தில் இரண்டு மதியம் வந்து பார்க்கும் அக்காவுக்குச் சம்பளம் கொடுப்பது. பெற்றோரின் மருத்துவ, பராமரிப்புச் செலவுக்கு வருமான வரியில் 8,000 வெள்ளி (ரிங்கிட்) வரை கழிவு உண்டு. வரி கட்டுகிற அண்ணன் அதற்கான செலவைச் செய்து அந்தக் கழிவை வாங்கிக்கொள்ளட்டும், யாருக்கும் மனவருத்தம் இல்லை. செலவே செய்யாமல் ரசீதை மட்டும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம்: சொந்தக்காரர்கள் வந்திருக்கும் அரை மணி நேரத்தில் நோயாளி ரொம்பத் தெளிவாகப் பேசுவார். "நல்லாத்தானே இருக்காங்க, நீதான் பெருசு பண்றே" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். விருந்தாளி முன் தன்னைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது இந்த நோயில் சகஜம். ஒரு ராத்திரி தங்கச் சொல்லுங்கள்.

விடிகாலை 4 மணிக்கு எழுந்து "பெரட்டுக்குப் போகணும்" என்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை.

முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய உடம்பு. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பால் வெட்டும் உளி, தோளில் தூக்கும் காண்டா வாளி எல்லாம் நேற்றைய நினைவுகளுக்கு அடியில், நோய் இன்னும் தொடாத ஆழத்தில் இருக்கின்றன. ஒரு பாட்டி ராத்திரியானால் கட்டிலுக்கடியில் அரிசியை முடிந்து வைப்பார். பேரப்பிள்ளைகள் பைத்தியம் என்றார்கள். 1948-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை நடந்த அவசரகாலம் வெடித்ததே சுங்கை சிப்புட்டில்தான். பிற்பாடு கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று அரிசியைக் கட்டுப்படுத்தினார்கள். அந்தக் காலத்துப் பிள்ளை அவர். சொன்னதும் பேரன் பேசாமல் போய் அரிசியைப் பெருக்கி எடுத்தான். காரணம் தெரிந்தால் கோபம் பாதி குறைகிறது. வேலை குறைவதில்லை.

"தோட்டமே இல்ல, செம்பனை போட்டாச்சு, லயத்தை இடிச்சாச்சு" என்று விளக்காதீர்கள். "இன்னிக்கி மழை, பெரட்டு இல்லையாம்" என்றால் போதும். மழையில் பால் வெட்ட மாட்டார்கள் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பகலில் நடக்கவிடுங்கள், மதியத் தூக்கத்தைக் குறையுங்கள், கதவுக்கு மேலே எட்டாத இடத்தில் ஒரு தாழ்ப்பாள். சட்டைப் பையில் போன் நம்பர் தைத்துவிடுங்கள்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி: வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வேறொருவர் முறை. தூக்கம் கெட்டவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

செத்துப்போன அப்பாவை அம்மா தேடுகிறார். பொய் சொல்லலாமா?

சொல்லலாம். "அப்பா செத்து எட்டு வருஷம் ஆச்சு" என்றால் அவருக்கு அது இன்றைய சாவு. மதியம் மறுபடி கேட்பார், மறுபடி தாலி அறுக்க வேண்டுமா? "வெளிய போயிருக்கார், நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, அவரைப் பற்றி ஏதாவது பேச்சுக் கொடுங்கள். அரிச்சந்திரனாக இருக்க வேண்டிய இடம் இது இல்லை.

நான் ஆம்பளைப் பிள்ளை. அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. கூச்சமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கல்யாணம் ஆகாத கடைசி மகன் தலையில்தான் இது விழுகிறது. கூச்சம் அவருக்கும் இருக்கும், அதனால்தான் தண்ணீரைக் கண்டதும் திமிறுகிறார். சாரோங்கை மார்புவரை கட்டிவிட்டு, அதற்கு மேலேயே வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். அந்தக் காலத்தில் குழாயடியில் அப்படித்தானே எல்லாரும் குளித்தார்கள், அவருக்குப் பழக்கமான முறை. சோப்புத் துணியை அவர் கையிலேயே கொடுங்கள். தினமும் தலைக்கு ஊற்ற வேண்டியதில்லை. ஆண்கள் இதை வெளியே சொல்லாமல் சாயந்திரமானால் பீர்க்கடையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் அங்கே போகும் நாள் குறைகிறது.

உயிரோடு இருக்கிறவருக்காக அழுகிறேன். சகுனம் கெட்ட காரியம் இல்லையா?

இல்லை. ஆள் எதிரிலேயே இருக்கிறார், நம்மைப் "பாப்பா" என்று கூப்பிட்டவர் மட்டும் காணாமல் போய்விட்டார். பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத் தனி வகை இழப்பாகவே எழுதியிருக்கிறார்: முடிவு தெரியாத, ஊர் வந்து துக்கம் கேட்காத இழப்பு. சாவு விழுந்தால் பதினாறு நாள் சாங்கியம் இருக்கிறது, ஆட்கள் வருவார்கள், சோறு வரும். இதற்கு எதுவும் இல்லை. அழுகை வந்தால் அழுங்கள்.

சில நாள் "போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று தோன்றுகிறது. நான் எப்படிப்பட்ட பிள்ளை?

களைத்துப்போன பிள்ளை. அந்த நினைப்பு வராதவர்கள் குறைவு, வாய்விட்டுச் சொல்கிறவர்கள் அதைவிடக் குறைவு. அவர் படும் பாடு முடிய வேண்டும் என்பதும் உங்கள் பாடு முடிய வேண்டும் என்பதும் ஒன்றாகக் கலந்து வரும். பிரித்துப் பார்த்துத் தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் "நான் செத்தால் தேவலை" என்று தோன்றினால், அல்லது இருவரும் சேர்ந்து போய்விடலாம் என்று தோன்றினால், அது வேறு கதை. அன்றைக்கே பேசியாக வேண்டும். மனம் விட்டுப் பேச சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. பிஃபிரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-76272929. அவசரமென்றால் 999, அல்லது நேராக ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு.

எனக்கே உடம்பு முடியவில்லை. இதனால்தானா?

இருக்கலாம். 1995-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு: மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் 13 பேருக்கும், அப்படிப் பொறுப்பில்லாத 13 பேருக்கும் கையில் ஒரே அளவு சின்னக் காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் காயம் ஆற சுமார் 9 நாள் கூடுதலாக ஆனது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் மனச்சுமை உடம்பில் இறங்குகிறது என்பதை இதைவிட நேராகக் காட்ட முடியாது.

அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும் அதே நாளில் உங்கள் பேரிலும் பதிந்துகொள்ளுங்கள், 1 வெள்ளிதான். ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். "வீட்டில் மறதி நோயாளியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், தூக்கமில்லை" என்று டாக்டரிடம் அந்த வாக்கியத்தை அப்படியே சொல்லுங்கள். கேட்காமல் அவர்களாகத் தெரிந்துகொள்ள மாட்டார்கள்.

ஹோமில் போடுவது துரோகமா?

இல்லை. ஊர் பேசும். பேசுகிறவர்களில் யார் ஒரு ராத்திரி வந்து பார்த்துக்கொண்டார்கள் என்று மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அவர் தினமும் விழுகிறார், உங்களுக்கு முதுகு போய்விட்டது, பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்ற கட்டத்தில் இல்லம்தான் பாதுகாப்பு.

இடத்தைப் பார்த்து எடுங்கள். 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி சமூகநலத் துறையில் பதிந்திருக்க வேண்டும், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். வாசனையைப் பாருங்கள். ராத்திரியில் எத்தனை பேர் வேலையில், தமிழ் தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். கடைசிக் காலத்தில் பலருக்குத் தாய்மொழி மட்டும்தான் மிஞ்சும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

பேங்க், வீட்டுப் பத்திரம்?

புத்தி தெளிவாக இருக்கும்போதே வக்கீலைப் பாருங்கள். சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி (தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்), எழுதிக் கொடுத்தவர் முடிவெடுக்கும் திறனை இழந்ததும் செல்லாது. அதற்குப் பிறகு 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றம் போக வேண்டிவரும், அதற்குக் காசும் காலமும் ஆகும். அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்ளாமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எனக்கும் வருமா?

வயதானபின் வரும் அல்சைமர் பெரும்பாலும் அப்படியே பரம்பரையாக இறங்குவதில்லை. பெற்றோருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இனிப்புநீர், ரத்த அழுத்தம், புகை, கவனிக்காத காது மந்தம் எல்லாம் மறதி நோய்க்கு வழி திறக்கின்றன. இவை நம் கையில் இருப்பவை.

அம்மா போய்விட்டார். அழுகையே வரவில்லை, நிம்மதியாக இருக்கிறது. பிறகு அந்த நிம்மதியை நினைத்து அழுகிறேன்.

அவருக்கான அழுகையில் பாதியை முன்னாலேயே அழுது தீர்த்துவிட்டீர்கள். கருமகிரியை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகும் உடம்பு பழைய கணக்கில்தான் ஓடும். விடிகாலையில் முழிப்பு வரும், பாத்திரம் விழுந்தால் ஓடுவீர்கள். சில மாதங்களில் அது தணியும். தணியாமல் சாப்பாடும் தூக்கமும் கெட்டே இருந்தால் கிளினிக்கில் மனச்சோர்வுக்குப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வேலையை விட்டுவிட்டு வருஷக்கணக்கில் வீட்டிலிருந்தவர்கள் உடனே முழு நேர வேலைக்குத் தாவ வேண்டாம். முதலில் அரை நாள் வேலை கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதமே இன்னொரு பெரியவரைக் கொண்டுவந்து "உனக்குத்தான் பழக்கம் இருக்கே" என்று யாராவது விட்டுவிட்டுப் போகப் பார்ப்பார்கள். முடியாது என்று சொல்லலாம்.